காற்று மாசின் மூலம் அறிதலும் எல்லைப்புற மொழிபெயர்ப்பும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்குகின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காற்றுக்கு அவ்வெல்லை இல்லை. எனவே காற்று மாசு பற்றிய அறிவிப்புகள் இங்கு இரு மொழிகளிலும் பொருள் பிறழாது அமைதல் வேண்டும்.

மாசின் மூலத்தை வேதியியல் பகுப்பாய்வு எவ்வாறு காண்கிறது? காற்றை உறிஞ்சும் கருவியின் வடிதாளில் படியும் நுண்துகள்களே அதற்குச் சான்று. அவற்றில் அலுமினியமும் சிலிக்கானும் மண்தூசியைக் காட்டும். சோடியமும் குளோரினும் கடலுப்பைக் காட்டும். லெவோகுளுக்கோசான் விறகும் சருகும் எரிந்த புகையைக் காட்டும். அடையாளங்கள் காலத்தால் மாறுவதும் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் நீக்கப்பட்டபின், ஈயம் வாகனப் புகைக்குரிய தனி அடையாளமாக நிற்கவில்லை. ஒவ்வொரு மூலத்தின் பங்கையும் கணித்துரைப்பதே பகுப்பாய்வின் முடிவாகும்.

மலையாளத்தில் 'வாயு' என்பது காற்று. அங்கு வளிமப் பொருளுக்குப் பெயர் 'வாதகம்'. தமிழ் அறிவியல் நடையிலோ 'கரியமில வாயு' என்பதிற்போல 'வாயு' வளிமத்தையே சுட்டும். ஆகவே 'வாயு மலினீகரணம்' என்னும் மலையாளத் தொடரை 'வாயு மாசு' எனப் பெயர்த்தால், தமிழ் வாசகர் நச்சு வளிமங்களை மட்டும் கருதுவர். வடிதாளில் படிந்த தூசியும் கரித்துகளும் அவர்தம் கவனத்தினின்று நழுவும். அவ்வாறே மலையாளப் 'பொடி' இவ்விடத்தில் தமிழில் 'தூசி' ஆதல் வேண்டும். ஒலி ஒப்புமையை நம்பிப் பெயர்ப்பின், ஆய்வகம் பிரித்தறிந்த மூலங்கள் மொழிபெயர்ப்பில் மீண்டும் கலந்துவிடும்.