பிராசஸருக்கு ஓடும் தண்ணீர், கிராபிக்ஸ் கார்டுக்கும் போதுமா?

கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போடுகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால், கேம் ஆடும்போது கேபினெட்டுக்குள் அதிகம் கொதிப்பது பிராசஸர் அல்ல, கிராபிக்ஸ் கார்டு. 2020 செப்டம்பரில் 1,499 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றே 350 வாட் மின்சாரம் இழுக்கும். வீட்டில் நாலைந்து சீலிங் ஃபேன்கள் ஒன்றாக ஓடுவதற்குச் சமம். இழுக்கும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

இந்தச் சூட்டையும் தண்ணீரிலேயே ஏற்றி வெளியே அனுப்பிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அதற்கு ‘வாட்டர் பிளாக்’ வேண்டும். செம்பில் கடைந்து, பெரும்பாலும் நிக்கல் பூசிய தகடு அது. கார்டின் பழைய ஃபேன், ஹீட்சிங்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்த வேண்டும். உள்ளே மெல்லிய வாய்க்கால்கள் வழியாகத் தண்ணீர் ஓடி, சிப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கடையில் ‘லிக்விட் கூலர்’ என்று முழு செட்டாக விற்பார்களே, பம்பும் டியூபும் ரேடியேட்டரும் சேர்த்து சீல் செய்தது, அதில் பெரும்பாலானவற்றோடு கிராபிக்ஸ் கார்டைச் சேர்க்க வழியில்லை. பம்பு, தண்ணீர்த் தொட்டி, ரேடியேட்டர், டியூப் என்று தனித்தனியாக வாங்கி இணைத்த செட்டப்பில்தான் இந்த வேலை நடக்கும்.

பெயர் ஒன்று, போர்டு வேறு

3090 என்ற பெயரில் வந்த கார்டுகள் எல்லாவற்றிலும் சர்க்யூட் போர்டு ஒன்றல்ல. என்விடியாவே தயாரித்த ஃபவுண்டர்ஸ் எடிஷனின் போர்டு குட்டையானது, ஓர் ஓரத்தில் ‘வி’ வடிவில் வெட்டப்பட்டது. மற்ற கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு போர்டை வடிவமைத்திருக்கின்றன. பிளாக்கில் ஸ்க்ரூ துளைகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் அது பொருந்தாது. எனவே, கார்டின் முழு மாடல் எண்ணை பிளாக் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

3090-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் 24 ஜிபி மெமரி 24 சில்லுகளாகப் பிரிந்திருக்கிறது. அதில் 12 போர்டின் முதுகுப் பக்கம் இருக்கின்றன. பிளாக் குளிர்விப்பது முன்பக்கத்தை மட்டும்தான். முதுகில் இருப்பவை பின்தகட்டையே நம்பி இருக்கின்றன. பின்தகடும் தெர்மல் பேடும் சரியாக அமையாவிட்டால், சிப் ஜில்லென்று இருக்கும். பின்னால் மெமரி 100 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருக்கும். 110-ஐ எட்டினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிப்பின் டெம்பரேச்சரை மட்டும் பார்த்துவிட்டு சந்தோஷப்படுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சூடு எங்கே போகும்?

பிளாக் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. தண்ணீர் சூட்டைச் சுமக்கும், அழிக்காது. அதைக் காற்றில் இறக்கிவைப்பது ரேடியேட்டர். சத்தமில்லாமல் ஓட வேண்டுமென்றால், 120 மில்லிமீட்டர் ஃபேன் பொருத்தும் அளவு ரேடியேட்டர் பரப்புக்குச் சுமார் 100 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பிராசஸருக்கு 125 வாட், கார்டுக்கு 350 வாட் என்றால் மொத்தம் 475. பிராசஸருக்காக ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஃபேன் ரேடியேட்டர் இதைத் தாங்காது. கூடவே மூன்று ஃபேன் ரேடியேட்டர் ஒன்றும் தேவை. பிளாக்குக்கு முன்னால் இதற்கு கேபினெட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இவ்வளவு செய்தாலும் தண்ணீர் அறையைவிட சுமார் 10 டிகிரி அதிகச் சூட்டில்தான் ஓடும். மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறை 36 டிகிரி என்றால், தண்ணீர் 46. பல பம்புகளுக்கு 60 டிகிரிதான் எல்லை என்பதால், கதவை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் ஆடுகிறவர்களுக்குத் தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும் சென்சார் அவசியம்.

‘கார்டு முதலிலா, பிராசஸர் முதலிலா’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீரில் 500 வாட் இறங்கினாலும், ஒரு முழுச் சுற்றில் வித்தியாசம் 2 டிகிரிக்கும் குறைவு. டியூப் மடங்காமல் போகும் வழியே நல்ல வழி.

கழற்றும்போது நிதானம் வேண்டும். பிராசஸர் போல கிராபிக்ஸ் சிப்புக்கு மேலே உலோக மூடி கிடையாது. சிலிக்கான் அப்படியே தெரியும். ஓரம் தட்டினால் உடையும். ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். தெர்மல் பேடின் தடிமனை கையேட்டில் சொன்னபடியே போட வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் பிளாக் சிப்பின் மேல் உட்காராது.

அலுமினிய ரேடியேட்டரைச் செம்பு பிளாக்கோடு சேர்க்கவே கூடாது, அலுமினியம் அரித்துப்போகும். ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாம் குடிக்கத்தான். இதற்கென விற்கும் கூலன்ட்டையோ, பாசி பிடிக்காமல் தடுக்கும் மருந்து கலந்த டிஸ்டில்டு வாட்டரையோதான் ஊற்ற வேண்டும்.

ஊற்றிய உடனே கம்ப்யூட்டரை ஆன் செய்துவிடக் கூடாது. மதர்போர்டு, கார்டு இரண்டின் பவர் கேபிள்களையும் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட வேண்டும். தொட்டி காலியாகி பம்பு வெறுமனே ஓடாமல் அவ்வப்போது நிரப்ப வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு நாள் காத்திருந்தால், ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். லட்ச ரூபாய் கார்டைக் காப்பாற்றுவது இந்த 24 மணி நேரம்தான்.

இவ்வளவு பாடுபட்டால் கேம் பறக்குமா? பறக்காது, வேகம் கூடுவது சொற்பம்தான். ஆனால், 70 டிகிரிக்கு மேல் இரைந்துகொண்டிருந்த கார்டு, போதுமான ரேடியேட்டர் இருந்தால் 50 சொச்சத்தில் அமைதியாகிவிடும். அந்த அமைதிக்காகச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கான வேலை இது. சில கம்பெனிகள் கூலரைக் கழற்றினாலே வாரன்டி இல்லை என்றுவிடும், முன்பே விசாரித்துக்கொள்ளலாம். கழற்றிய பழைய கூலரையும் ஸ்க்ரூக்களையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கார்டை சர்வீஸுக்கு அனுப்பவோ விற்கவோ நேரும்போது அவை இல்லாமல் முடியாது.