லாக் ஃபைல்: எங்கிருந்து வந்தது, என்ன வகை?

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைல கல்மரப் பூங்கா இருக்கு. கல்லா மாறிப்போன மரங்கள், சுமார் 2 கோடி வருஷம் பழசு. எதுலயும் வேர், கிளை கிடையாது. அதனால அங்கேயே வளர்ந்த மரமில்ல, வெள்ளம் அடிச்சிட்டு வந்ததுன்னு புவியியலாளர்கள் சொல்றாங்க. என்ன மரம்னு தெரிய, மெல்லிசா வெட்டி மைக்ரோஸ்கோப்ல உள்ளமைப்பைப் பார்க்கறாங்க.

லாக் ஃபைலுக்கும் இதே ரெண்டு கேள்விதான். ஃபோல்டரையும் பேரையும் மட்டும் நம்பாதீங்க. வேற சர்வர்லேர்ந்து கொண்டுவந்து சேர்த்ததா இருக்கலாம்.

முதல் சில வரிகளைப் படிங்க. ஐபி முகவரி, சதுர அடைப்புக்குள்ள நேரம், ரிக்வெஸ்ட், பிறகு 200 இல்ல 404னு ஒரு எண் வந்தா, அப்பாச்சி மாதிரி வெப் சர்வரோட அக்சஸ் லாக். நேரம், மெஷின் பேர், புரோகிராம் பேர்னு வரிசையா வந்தா சிஸ்லாக். எங்கிருந்து வந்ததுன்னு அந்த வரியே சொல்லிடும். ஒவ்வொரு வரியும் சுருள் அடைப்புல தொடங்கினா, பெரும்பாலும் ஜேசன்.

லாக் இன்னும் ஓடிட்டிருந்தா, லினக்ஸ்ல எல்எஸ்ஓஎஃப் கமாண்ட் போடுங்க. எந்த ப்ராசஸ் அந்த ஃபைலைத் திறந்து வச்சிருக்குன்னு காட்டும்.

வகை தெரியறது ஏன் முக்கியம்? பழைய சிஸ்லாக் வடிவத்துல வருஷமும் டைம்ஸோனும் இருக்காது. யூடிசி நேரத்தை நம்ம ஊர் நேரம்னு படிச்சா, அஞ்சரை மணி நேரம் தள்ளிப்போயிடும். ராத்திரி சர்வர் விழுந்ததுக்கு, சம்பந்தமே இல்லாத ஒருத்தரோட கோட் மேல பழி விழும்.