ஆபீசுக்குள் இமெயில் வேண்டாம், சாட் போதுமா?

அடுத்த மேஜையில் உட்கார்ந்திருப்பவரிடம் "அந்த பைல் எங்கே இருக்கிறது?" என்று கேட்க ஒரு இமெயில். "எந்த பைல்?" என்று அவர் திருப்பிக் கேட்க இன்னொரு இமெயில். "நேற்று அனுப்பியது" என்று மூன்றாவது. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த சாப்ட்வேர் நிறுவனத்தில் இப்படித்தான் நடந்து கொண்டிருந்தது. ஒரு சின்ன சந்தேகம் தீர்வதற்குள் இன்பாக்ஸில் ஆறு மெயில் சேர்ந்து விடும். சம்பந்தமே இல்லாத நான்கு பேருக்குக் காப்பி வேறு! எனவே, இனி உள் விஷயங்களுக்கு சாட் மட்டும்தான் என்று அறிவித்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அதே சாட்டால் பின்னர் ஒரு பெண்ணின் வேலைக்கே ஆபத்து வந்தது. அந்தக் கதைக்கு முன், இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்து விடுவோம்.

இமெயில் கிட்டத்தட்ட தபால் மாதிரி. நீங்கள் அனுப்பும் மெயில் உங்கள் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து பெறுபவரின் சர்வருக்குப் போய், அவர் திறந்து பார்க்கும் வரை காத்திருக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் தலைப்பு, தேதி, யார் யாருக்குப் போனது என்ற விவரம் எல்லாம் உண்டு. ரிப்ளை செய்தால் பெரும்பாலும் பழைய கடிதமும் கீழே ஒட்டிக் கொண்டே வரும். சாட் அப்படி இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள சாட் புரோகிராம், சர்வருடன் எப்போதும் தொடர்பிலேயே இருக்கிறது. நீங்கள் என்டர் தட்டிய உடனே எதிராளியின் திரையில் எழுத்துகள் தோன்றி விடும். அவர் சீட்டில் இருக்கிறாரா, டீ குடிக்கப் போய்விட்டாரா என்பதையும் அவர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி ஓரளவு சொல்லி விடும்.

சாட் ஒன்றும் புதிதல்ல. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் என்பவர் ஐஆர்சி என்ற குழு அரட்டை முறையை 1988-லேயே உருவாக்கி விட்டார். கனடாவிலும் அமெரிக்காவிலுமாக ஒரு கம்ப்யூட்டர் கேம் தயாரித்த குழுவினர், வேறு வேறு ஊர்களில் இருந்தபடி ஐஆர்சி வழியாகத்தான் தங்களுக்குள் பேசிக் கொண்டார்கள். கிளிட்ச் என்ற அந்த கேம் ஓடவில்லை. 2012-ல் மூடி விட்டார்கள். ஆனால் தங்கள் சொந்த உபயோகத்துக்காக அவர்கள் செய்து வைத்திருந்த சாட் வசதிதான் ஸ்லாக் என்ற பெயரில் 2014-ல் வெளிவந்து, ஆபீஸ்களைப் பிடித்துக் கொண்டது. பிறகு மைக்ரோசாப்ட் டீம்ஸ், நம்ம ஊர் ஜோஹோவின் கிளிக் என்று வரிசையாக வந்தன. பிரான்ஸ் நாட்டின் அட்டோஸ் நிறுவனத் தலைவராக இருந்த தியரி பிரெட்டன் 2011-ல், மூன்று வருடத்தில் நிறுவனத்துக்குள் இமெயிலே இல்லாமல் செய்யப் போவதாக அறிவித்தார். அந்த அளவுக்கு மெயில் மீது வெறுப்பு இருந்தது!

இனி கதைக்கு வருவோம். எங்கள் ஆபீசில் சொந்தமாக ஒரு சாட் சர்வர் வைத்து, எல்லோர் கம்ப்யூட்டரிலும் பிட்ஜின் என்ற இலவச புரோகிராமைப் போட்டிருந்தார்கள். என் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வாடிக்கையாளர் ஒருவரின் பழைய டேட்டாவைச் சுத்தம் செய்து கொண்டிருந்தார். ஒரு நாள் மதியம், அழிக்கக் கூடாத டேபிள் ஒன்றை அழித்து விட்டார். முந்தைய இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. அன்று காலையில் இருந்து பதிவான பில்கள் மட்டும் போய்விட்டன. வாடிக்கையாளரின் ஆட்கள் காகித பில்களைத் தேடி எடுத்து மறுபடியும் டைப் செய்தார்கள். "சார்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்" என்றார் அந்தப் பெண். "என்னிடம் கேட்கவே இல்லை" என்றேன் நான். பொய் சொல்லவில்லை; அப்படித்தான் என் நினைவில் இருந்தது. அவர் அப்போது புரொபேஷனில் இருந்தார். இரண்டு நாட்கள் அவர் யாரிடமும் பேசவில்லை.

பிட்ஜின் சாதாரணமாக எல்லா சாட்டையும் பைலாகச் சேமித்து வைக்கும். என் கம்ப்யூட்டரில் அந்த வசதியை நான் நிறுத்தி வைத்திருந்தேன். (நாங்கள் அடித்த கிண்டல் எல்லாம் பதிவாக வேண்டாமே என்றுதான்!) அந்தப் பெண் நிறுத்தவில்லை. எங்கள் சிஸ்டம் அட்மின் அவருடைய கம்ப்யூட்டரில் தேடி, அன்றைய பைலைத் திறந்து காட்டினார். இப்படி இருந்தது:

அவர்: நாலு மணி மீட்டிங்குக்கு நானும் வரணுமா?
அவர்: பழைய டேபிளை டெலிட் பண்ணிடட்டுமா?
நான்: ஆமா

நேரத்தைப் பார்த்தால் அவருடைய இரண்டாவது கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் மூன்றே வினாடி. நான் மீட்டிங் கேள்விக்கு "ஆமா" டைப் செய்து கொண்டிருந்தபோது இரண்டாவது கேள்வி வந்து விழுந்திருக்கிறது. நான் அதைப் படிக்காமலே என்டர் தட்டி, அடுத்த வேலைக்குப் போய் விட்டேன். அவர் பார்வையில், கேட்டதற்குத் தெளிவான அனுமதி கிடைத்து விட்டது. தவறு என்னுடையது என்று மேனேஜருக்கு எழுதினேன். அதை மெயிலில்தான் எழுதினேன். அந்தப் பெண்ணிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மெயிலில் இந்தக் குழப்பம் வந்திருக்க வாய்ப்பு குறைவு. எந்தக் கடிதத்துக்குப் பதில் என்பது பதிலிலேயே தெரியும். சாட்டிலும் இப்போது குறிப்பிட்ட செய்தியைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்லும் வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 2016-லும், ஸ்லாக்கில் 2017-லும் வந்தது. ஆனால் அவசரத்தில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள்?

இன்னொரு சங்கடம், தொந்தரவு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தைச் சேர்ந்த கிளோரியா மார்க்கும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்கு நடுவே குறுக்கீடு வந்தவர்கள், ஆச்சரியமாக, வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் அவர்களுக்கு அதிகமாக இருந்தன. ஐந்து சாட் விண்டோக்கள் மின்னிக் கொண்டிருக்கும்போது புரோகிராம் எழுதிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"எனக்கு ஆபீஸ் இல்லையே, வீட்டில்தானே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன்" என்கிறீர்களா? வீட்டில் டிடிபி வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். கல்யாணப் பத்திரிகையின் புரூபை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "முகூர்த்த நேரம் சரியா?" என்றும், "மஞ்சள் கவர் போதுமா?" என்றும் அடுத்தடுத்துக் கேட்கிறீர்கள். "ஓகே" என்று ஒரு பதில் வருகிறது. எதற்கு ஓகே? ஐந்நூறு பத்திரிகை அச்சான பிறகு தெரிந்து பயனில்லை.

நான் வைத்துக் கொண்டிருக்கும் வழி இதுதான். இன்றோடு முடியும் விஷயம் என்றால் சாட். சாப்பிடப் போகலாமா, பிரிண்டர் ஓடுகிறதா, பைல் வந்ததா போன்றவை. பணம், தேதி, அனுமதி, அழிப்பது, மாற்றுவது என்றால், சாட்டில் பேசினாலும் முடித்தவுடன் இரண்டு வரி மெயில். "சாட்டில் பேசியபடி பழைய டேபிளை இன்று மாலை நீக்குகிறேன்" என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது. சாட்டில் கேட்பதானால் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். பதில் வந்த பிறகு அடுத்தது.

சாட் பதிவுகள் என்றென்றும் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022-ல் கொண்டு வந்த மாற்றத்தால், 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாமல் போனது. யாகூ மெசஞ்சரை 2018 ஜூலையிலும், ஐசிக்யூவை 2024 ஜூனிலும் மூடியே விட்டார்கள். பிட்ஜின் வைத்திருப்பவர்கள், கம்ப்யூட்டரை பார்மட் செய்யும் முன் அதன் லாக்ஸ் போல்டரைக் காப்பி செய்து கொள்ளுங்கள். வாட்ஸ்அப் என்றால், போனில் அந்த சாட்டைத் திறந்து மெனுவில் எக்ஸ்போர்ட் சாட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உரையாடல் டெக்ஸ்ட் பைலாகக் கிடைக்கும். அதை உங்கள் இமெயிலுக்கே அனுப்பி வைத்துக் கொள்ளலாம்.