லைட்டைப் போட்டால் நெட் படுக்குமா?

ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளில் விளக்குக்கு ஓய்வு குறைவு. அறுந்த ஜரிகை இழை கண்ணில் பட வேண்டும், புட்டாவின் ஓரம் பிசகக் கூடாது. அதனால் பகலிலும் தறிக்கு மேலே ஒரு டியூப்லைட் எரியும். அதே கூடத்துச் சுவரில் மோடம் தொங்கினால், நெய்த சேலையின் படம் வியாபாரிக்குப் போவதும் பிள்ளைகளின் பாடம் வருவதும் அதன் வழியாகத்தான். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் "லைட்டைப் போட்டா நெட் போயிடுது" என்றால் சிரிக்கத் தோன்றும். இணைப்பு செம்புக் கம்பியில் வருகிறதென்றால் சிரிக்க வேண்டாம். நடக்கக்கூடியதுதான்.

குண்டு பல்பு சாது. இழை சூடாகும், ஒளிரும், அவ்வளவுதான். எல்.இ.டி. அப்படியல்ல. அதற்குக் குறைந்த அழுத்தத்தில் நேர்மின்சாரம் வேண்டும். வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட் மாறுமின்சாரம். பல்பின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும் 'டிரைவர்' என்ற சிறு சுற்று, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிப் பக்குவப்படுத்துகிறது. ஒவ்வொரு வெட்டும் கூர்மையானது. கூர்மை கூடக்கூட, அதிலிருந்து கிளம்பும் மின் இரைச்சல் மெகாஹெர்ட்ஸ் வரை பரவும். அதை உள்ளேயே அடக்க ஒரு சிறு கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் போதும். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பதும் அவற்றில்தான். இந்த வடிகட்டி இல்லாவிட்டால் வீட்டு ஒயரிங் முழுதும் ஆன்டெனாவாகிவிடுகிறது.

2014இல் மத்திய அரசு நிறுவனம் ஓர் எல்.இ.டி. பல்பைக் கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். 2016இல் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு வழங்கிய அரசின் உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேல் பல்புகள் வீடுகளுக்குப் போயின. மின்கட்டணம் குறைந்தது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் சந்தேகமெல்லாம், அந்த மலிவோடு போட்டிபோட வந்து நடைபாதையில் குவிந்த பெயரில்லாத பல்புகள் மீதுதான்.

இனி மோடத்தின் பக்கம். பி.எஸ்.என்.எல். 2005இல் 'டேட்டாஒன்' என்று கொண்டுவந்த பிராட்பேண்ட், தொலைபேசிக் கம்பியிலேயே வந்தது. ஏ.டி.எஸ்.எல். என்னும் அந்த முறை சுமார் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை, அடுத்த தலைமுறையில் 2.2 வரை, கம்பியைப் பயன்படுத்துகிறது. அந்த அகலத்தை 4.3 கிலோஹெர்ட்ஸ் கொண்ட சிறு தடங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தகவலை அனுப்புகிறது. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸும் இதற்குள்தான் வருகிறது, ஏறக்குறைய 167ஆவது தடத்தில். மீடியம் வேவ் ரேடியோவும் மோடமும் ஒரே வட்டாரத்துக் குடித்தனக்காரர்கள். டியூப்லைட்டின் ஸ்டார்ட்டர் படபடக்கும்போது ரேடியோ கரகரத்தது பலருக்கு நினைவிருக்கும்.

இணைப்பு தொடங்கும்போது மோடம் ஒவ்வொரு தடத்திலும் இரைச்சல் எவ்வளவு என்று அளந்து, அதற்கேற்ப வேகத்தை முடிவு செய்கிறது. காலையில் விளக்கெல்லாம் அணைந்திருக்கையில் அளந்த கணக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசையாக விளக்கு எரிந்ததும் பொய்யாகிவிடும். பிழைகள் குவியும். மோடம் திருத்தித் திருத்திப் பார்க்கும். முடியாதபோது இணைப்பையே விட்டுவிட்டு மறுபடி அளக்கத் தொடங்கும். விளக்கு எரியும்போதே மோடத்தை அணைத்துப் போட்டால், வேகம் சற்றுக் குறைந்தாலும் அறுபடாமல் ஓடுவதன் ரகசியம் இதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இத்தகைய இரைச்சல் பெரும்பாலும் நொடிக்கு 100 துடிப்புகளாக வரும். தொலைபேசித் துறைக்காரர்கள் குற்றவாளியை அடையாளம் காண்பதும் அந்தத் தாளத்தை வைத்துத்தான்.

வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் 18 மாதங்களாகக் காலை ஏழு மணிக்கு இணையம் விழுந்துகொண்டே இருந்தது. கம்பிகளையே மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில், ஒரு வீட்டில் தினமும் ஏழு மணிக்குப் போடப்பட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டிதான் காரணம் என்று 2020இல் தெரியவந்தது. விளக்கல்ல என்றாலும் கதை ஒன்றே: மின்பொருள் ஒரு வீட்டில், பாதிப்பு ஊருக்கே.

தொலைபேசிக் கம்பி இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பது சும்மா இல்லை. 1881இல் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற யோசனை அது. பட்டு இழையை முறுக்குவது வலுவுக்காக; இங்கே முறுக்குவது, வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பியிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள. மழைநீர் இறங்கித் துருப்பிடித்த இணைப்பு, டேப் சுற்றிய ஜாயின்ட், சுவரிலிருந்து மோடத்துக்கு ஓடும் முறுக்கில்லாத தட்டை ஒயர் ஆகிய இடங்களில் அந்தச் சமநிலை குலைகிறது. ஆகவே பல்பை மாற்றுவதற்கு முன் ஜாயின்டைப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு பேட்டரி ரேடியோ உதவும். மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் கரகரப்பு அடங்குகிறதோ அதைச் சந்தேகிக்கலாம். மெயின் சுவிட்சையே அணைத்தும் அடங்கவில்லையென்றால் அடுத்த வீடு அல்லது தெருக்கம்பி.

கேபிள் டி.வி. வழியே இணையம் வாங்குகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். வீட்டிலிருந்து வெளியே போகும் தகவல், பல இடங்களில் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் போகிறது. தெருவிலுள்ள எல்லா வீடுகளின் இரைச்சலும் அந்த ஒரே வழியில் சேர்ந்துகொள்ளும். உங்கள் பல்பு பக்கத்து வீட்டுக்காரரின் வீடியோ அழைப்பைக் கெடுக்கலாம்.

ஃபைபர் இணைப்பில் வருவது ஒளி. பல்பு அதை ஒன்றும் செய்யாது. தமிழ்நாடு ஃபைபர்நெட் திட்டம் 12,525 ஊராட்சிகளைக் குறிவைத்து இழை இழுக்கிறது. ஃபைபர் வீட்டில் வைஃபை தடுமாறினால் விளக்கைத் திட்டுவதில் பெரும்பாலும் நியாயமில்லை. அதன் இரைச்சல் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்ச்சேர்வதற்குள் ஓய்ந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பையோ அக்கம்பக்கத்து ரவுட்டர்களையோ பாருங்கள். விதிவிலக்கு உண்டு: லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஃப்ளோரசன்ட் விளக்குகள் 700 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைவரிசையைக் கெடுப்பதாக 2014இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் எச்சரிக்கை விடுத்தது.

செம்பிலேயே இருப்பவர்கள் மோடத்தின் ஒயரை விளக்கு ஒயரோடு ஒரே குழாயில் செலுத்தாமல் தள்ளிக் கொண்டுபோகலாம். கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கலாம். கரண்ட் போனபோது மட்டும் நெட் தடுமாறுகிறதென்றால் பல்பை விட்டுவிட்டு இன்வெர்ட்டரைப் பாருங்கள். சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டரும் இதே வேலையைச் செய்யும்.