மூவாயிரமா, எண்ணாயிரமா? ஒரு பாதாம் ஊரின் தலைக்கணக்கு

ஒரு ஊரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்? கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை, குடிதண்ணீர்க் குழாயிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாமே அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. அந்த எண் தப்பானால் ஊரே தள்ளாடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மர்ரே ஆற்றங்கரையில் ராபின்வேல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 2016-ல் அந்நாட்டு அரசு எடுத்த மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே இருப்பவர்கள் சுமார் 3,300 பேர். ஊர்க்காரர்கள் இதை நம்பவே இல்லை. "மளிகைக் கடையில் சரக்கு தீருகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியாதா?" என்பது அவர்கள் வாதம். கடைசியில் அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றமான ஸ்வான் ஹில் சபை தனியாக ஓர் ஆய்வு நிறுவனத்தை வைத்துக் கணக்கெடுத்தது. 2019-ல் முடிவு வந்தது. பருவத்தைப் பொறுத்து 7,000 முதல் 8,800 பேர் வரை அங்கே இருக்கிறார்கள்! அரசுக் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். சாயங்காலம் ரொக்கம் பத்து ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போகமுடியாது. இங்கே இடிப்பது நாலாயிரம் மனிதர்கள். அதனால்தான் இந்த ஊரின் கதை எனக்குள் ஒட்டிக்கொண்டது. மகள் மெல்பர்னில் இருப்பதால், அங்கே போனபோது மருமகனை நச்சரித்து ஒருமுறை நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

மல்லிக் காட்டில் முளைத்த ஊர்

மெல்பர்னிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர். செம்மண், குட்டை யூகலிப்டஸ் புதர்கள், வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் சுற்றி மழை. 'மல்லி' என்று அந்தப் புதர்க்காட்டுக்குப் பெயர். நம் மல்லிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூர்வகுடி மக்கள் காலங்காலமாக ஆற்றை நம்பி வாழ்ந்த நிலம் அது. 1924-ல் ரயில் வந்தபோது, கட்டில் என்ற வியாபாரி மனை பிரித்து விற்றார். முதல் உலகப்போரில் பிரான்சில் விமானத்தோடு விழுந்து இறந்த தன் மகன் ராபினின் பெயரை ஊருக்கு வைத்தார்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு இங்கே பாசன நிலம் பிரித்துக் கொடுத்தது. ஒரு குடும்பம், ஒரு திராட்சைத் தோட்டம். பிறகு இத்தாலியர்களும் கிரேக்கர்களும் வந்தார்கள். அதன்பின் வியட்நாம்காரர்கள், பசிபிக் தீவான டோங்காவின் மக்கள், மலேசியாவிலிருந்து வந்தவர்கள். கூலிக்கு வந்து சேமித்து, தோட்டம் வாங்கி முதலாளியானவர்களும் உண்டு. அதுவரைக்கும் நம் ஊர்க் கதைபோலத்தான்.

பாதாமும் பங்குதாரர்களும்

1990-களின் கடைசியில் கதை மாறியது. நகரத்து டாக்டர்கள், வக்கீல்கள், சம்பளக்காரர்கள் பணத்தைத் திரட்டி, கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாதாமும் ஆலிவும் நட்டன. போட்ட பணத்துக்கு வருமான வரிச் சலுகை. மரத்தை ஒருநாளும் கண்ணால் பார்க்காதவர்கள் மரத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கடன் வாங்கி முதலீடு செய்தவர்களும் நிறைய. இதில் பெரிய கம்பெனியான டிம்பர்கார்ப் 2009 ஏப்ரலில் கவிழ்ந்தது. வரிச் சலுகைக்காக விவசாயம் செய்தால் அப்படித்தான் முடியும். அதன் பாதாம் தோப்புகளை ஓலம் என்ற சிங்கப்பூர்க் கம்பெனி வாங்கியது.

அடுத்து நடந்ததை நம் உழவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் தண்ணீர் உரிமை நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. நிலத்தை ஒருவருக்கும் தண்ணீரை வேறொருவருக்கும் விற்கலாம். 2019 டிசம்பரில் ஓலம் தன்னிடமிருந்த 89,085 மெகாலிட்டர் நிரந்தரத் தண்ணீர் உரிமையை 49 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. வாங்கியது கனடா நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியைச் சேர்ந்த அமைப்பு. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 3 டி.எம்.சி.க்கு மேல் தண்ணீர். மர்ரே ஆற்றுத் தண்ணீருக்குக் கனடாவில் பென்ஷன் வாங்குகிறவர் உரிமையாளர். நானும் பென்ஷன் வாங்குகிறவன்தான். என் பென்ஷன் எந்த ஆற்றிலிருந்து வருகிறதோ என்று அன்றைக்கு யோசித்தேன்.

பாதாமுக்கு ஹெக்டேருக்கு 12 முதல் 14 மெகாலிட்டர் வரை வருஷத் தண்ணீர் வேண்டும். அதாவது 1,200 மில்லிமீட்டருக்கு மேல். மழையோ 300. மீதி அத்தனையும் ஆறுதான். 1997 முதல் 2009 வரை நீண்ட பெரும் வறட்சியில் அந்த ஆறே கந்தலானது. ஆகஸ்டில் பாதாம் பூக்கும்போது மகரந்தச் சேர்க்கைக்கு லட்சக்கணக்கான தேனீப் பெட்டிகளை லாரிகளில் நாடெங்கிலும் இருந்து கொண்டுவருகிறார்கள். ஒரே பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் இடத்தில் பூ முடிந்தபின் தேனீ எதைத் தின்னும்? 2022 ஜூனில் நியூ சவுத் வேல்ஸில் வரோவா சிலந்திப்பேன் கண்டுபிடிக்கப்பட்டு, அந்த மாநிலத்தில் பெட்டிகள் நகரத் தடை வந்தபோது, இரண்டே மாதத்தில் பூக்கவிருந்த பாதாம் தோப்புக்காரர்கள் அரண்டுபோனார்கள்.

கணக்கில் வராத நாலாயிரம் பேர்

பாதாம் அறுவடை பெரும்பாலும் இயந்திரம்தான். மரத்தைப் பிடித்து உலுக்கி, பருப்பைக் கீழே உதிர்த்துக் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். ஆனால் சாப்பாட்டுத் திராட்சையைக் கையால்தான் வெட்டவேண்டும், கையால்தான் பெட்டியில் அடுக்கவேண்டும். கவாத்து, கொடி கட்டுதல், கொத்து கழித்தல் என்று வருஷம் பூராவும் ஆள் தேவை.

இந்த ஆட்கள் மூன்று வழியாக வருகிறார்கள். ஒன்று, சுற்றுலாவோடு வேலையும் செய்யலாம் என்ற விசாவில் வரும் இளைஞர்கள். கிராமப்புறத்தில் 88 நாள் வேலை செய்தால் இரண்டாம் வருஷத்துக்கு விசா கிடைக்கும். இரண்டு, பசிபிக் தீவுகளிலிருந்து அரசுத் திட்டத்தில் வருபவர்கள். மூன்று, விசா முடிந்தும் தங்கிவிட்டவர்கள், அல்லது வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் இருப்பவர்கள். பசிபிக் திட்டத்தில் வந்தவர் தன்னை அழைத்துவந்த முதலாளியை விட்டு விலகினால் விசாவுக்கே ஆபத்து. அப்படி விலகியவர்களும் மூன்றாம் வகையில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஒரு வீட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர், முறைவைத்துத் தூங்குகிறவர்கள், கணக்கெடுப்புத் தாளில் பெயர் எழுதுவார்களா? வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது, அரசுக்குத் தெரியக்கூடாது, மொழியும் புரியாது. தாள் காலியாகவே கிடக்கும். கணக்கெடுப்பு நடப்பதும் ஆகஸ்டில், திராட்சை அறுவடை முடிந்த குளிர்காலத்தில்.

ஆய்வு நிறுவனம் வேறு தடத்தில் போனது. குடிதண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, வங்கி அட்டைகளில் ஊருக்குள் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தது. மனுஷன் ஒளிந்துகொள்ளலாம். அவன் குடிக்கிற தண்ணீரும் வாங்குகிற அரிசியும் ஒளிய முடியாதே! இந்த ஒரு யோசனைக்காகவே அந்த ஆய்வாளர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எண் குறைந்தால் என்ன ஆகும்?

3,300 பேருக்கு எத்தனை டாக்டர், எத்தனை போலீஸ், எத்தனை குழந்தைக் காப்பகம் என்று மேலே இருப்பவர்கள் கணக்குப் போடுகிறார்கள். வருகிறவர்கள் 8,000. டாக்டருக்குக் காத்திருப்பு நீளும். கழிவுநீர்க் குழாய் திணறும். மானியம் பாதியாகத்தான் வரும். உள்ளாட்சித் தலைமையிடமான ஸ்வான் ஹில்லோ 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய முடிச்சு வீடு. இவ்வளவு பேர் இருக்கிறார்கள், வாடகைக்கு அடித்துப்பிடித்து வருகிறார்கள், நிலமும் மலிவு. பிறகு ஏன் யாரும் வீடு கட்டவில்லை? இதற்கு விடை வங்கி மேசையில் இருக்கிறது.

உதாரணத்துக்கு, ஒரு வீடு கட்ட 100 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். ஒதுக்குப்புற ஊரில் கொத்தனார், தச்சர், மின்பணியாளர் எல்லோரும் வெளியிலிருந்து வரவேண்டும். சாமானுக்கு லாரி வாடகை. அதனால் செலவு பெருநகரத்தைவிடக் குறைவதில்லை. கட்டி முடித்ததும் மதிப்பீட்டாளர் வருவார். அவர் பக்கத்தில் விற்ற பழைய பலகை வீடுகளின் விலையைப் பார்த்து 75 ரூபாய் என்று எழுதுவார். வங்கி அதில் 80 சதவீதம், அதாவது 60 ரூபாய் கடன் தரும். மீதி 40 கைக்காசு. கட்டிய அன்றே 25 ரூபாய் காற்றில் போச்சு. எந்தப் புத்திசாலி கட்டுவான்? நான் மேலாளராக இருந்தாலும் அந்த விதிப்படிதான் எழுதியிருப்பேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் சரி. மொத்தமாகப் பார்த்தால் ஊருக்கு வீடில்லை.

சந்தை கட்டாது என்று தெரிந்ததும், ஸ்வான் ஹில் சபையே மாநில அரசின் உதவியோடு ராபின்வேலில் தொழிலாளர் வீடுகள் கட்ட இறங்கியது. 2023-ல் விக்டோரியா அரசும் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை ரத்து செய்துவிட்டு, அறிவித்த கிராமப்புறத் திட்டங்களில் 15 கோடி டாலரைத் தொழிலாளர் தங்குமிடங்களுக்கு என்று ஒதுக்கியது.

கூலி விஷயத்திலும் ஓர் அடி முன்னேற்றம். பறித்த எடைக்கு மட்டும் கூலி என்ற முறையில் மணிக்கு ஏழெட்டு டாலர்கூட கிடைக்காத ஆட்கள் இருந்தார்கள். 2022 ஏப்ரல் 28 முதல், எடைக்கூலி எவ்வளவு ஆனாலும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று தொழிலாளர் தீர்ப்பாயத்தின் விதி வந்தது. விசா இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்துக் கணக்குக்குள் கொண்டுவாருங்கள் என்று உள்ளூர்ப் பிரதிநிதிகளே கேட்டார்கள். மத்திய அரசு இணங்கவில்லை.

இன்னொரு ஊர் செய்த வழி

அதே மாநிலத்தில், மெல்பர்னுக்கும் அடிலெய்டுக்கும் நடுவழியில் நில் என்று ஒரு கோதுமை ஊர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் அங்குள்ள வாத்துப் பண்ணைக் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை. 2010 முதல், மியான்மரிலிருந்து துரத்தப்பட்டுத் தாய்லாந்து முகாம்களில் கிடந்து ஆஸ்திரேலியா வந்த கேரன் இன அகதிகளைக் குடும்பத்தோடு அழைத்தார்கள். முதலில் சில குடும்பங்கள் மட்டும். வீடு பார்த்துக் கொடுத்து, பள்ளியில் சேர்த்து, ஊர்க்காரர்களிடமும் முன்கூட்டியே பேசி வைத்தார்கள். 2015-ல் வந்த ஓர் ஆய்வறிக்கை, ஐந்து வருஷத்தில் அந்த வட்டாரப் பொருளாதாரத்துக்கு 4.15 கோடி டாலர் கூடுதலாகச் சேர்ந்தது, 70-க்கு மேல் முழுநேர வேலைகள் உருவாயின என்று சொன்னது.

குவீன்ஸ்லாந்தின் பிலோயிலா ஊரை நம்மவர்கள் மறக்கமாட்டார்கள். அங்கே இறைச்சிக்கூட வேலையை நம்பி வாழ்ந்த ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் பிடித்துப்போனார்கள். அந்தச் சிறிய ஊரின் வெள்ளைக்காரர்கள் நாலு வருஷத்துக்கு மேல் விடாமல் போராடி, 2022 ஜூனில் அவர்களை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சின்ன ஊருக்கு ஒவ்வொரு குடும்பத்தின் அருமையும் தெரியும்.

நில்லுக்கு வந்தவர்கள் குடியேறினார்கள். ராபின்வேலுக்கு வந்தவர்களில் பலர் வெறும் கையாகத்தான் எண்ணப்பட்டார்கள். கைக்கு வீடு எதற்கு, ஆஸ்பத்திரி எதற்கு?

நம் மளிகைக் கடை வரை

இது எங்கோ நடக்கும் கதை என்று ஒதுக்கமுடியாது. இந்திய–ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்தபின், குறிப்பிட்ட அளவு வரை ஆஸ்திரேலிய பாதாமுக்கு நாம் வரியைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம். தீபாவளிக்கு வாங்கும் பாதாமில் மர்ரே ஆற்றுத் தண்ணீரும் இருக்கலாம்.

நாற்று நட வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் நம் வயல்களுக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. மோட்டார் அறையிலும் தகரக் கொட்டகையிலும் தங்குகிறார்கள். நம் ஊராட்சிக் கணக்கில் அவர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? நம் உழவர் குழுக்கள் செய்யக்கூடியது மூன்று. தங்குபவர்களின் பெயரையும் சொந்த ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது. கழிப்பறையும் நல்ல தண்ணீரும் உள்ள ஒரு பொது இடத்தைக் குழுவாகச் சேர்ந்து கட்டுவது. கிராம சபையில் அவர்களையும் சேர்த்த எண்ணிக்கையைச் சொல்லி, அதற்கேற்ற வசதி கேட்பது.

மண்ணிலுள்ள நுண்ணுயிரைக் கூட எண்ணிப் பார்த்து விவசாயம் செய்கிறவர்கள் நாம். அந்த மண்ணில் குனிந்து நிற்கிற மனுஷனை எண்ணாமல் விடலாமா?