எட்டு மில்லி கணக்கு

திருவண்ணாமலை செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்துக்குள் பசு லட்சுமிக்கும் ஒரு நாய்க்கும் மானுக்கும் காகத்துக்கும் சமாதி உண்டு. உயிரோடிருக்கும் நாய்களும் குரங்குகளும் வெளியே, 14 கி.மீ. கிரிவலப் பாதையில். வெறுங்காலோடு சுற்றுகிறவரின் கெண்டைக்காலில் பல் பதிந்தால் எத்தனை மில்லி மருந்து, எவ்வளவு செலவு? தமிழகத்தில் 2024-இல் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம் என்பதால் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ரேபிஸ் தடுப்பூசி. தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் 5 குப்பி. தோலுக்குள் போட்டால் ஒரு தடவைக்கு இரு கைகளிலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 என 4 தடவைக்கு மொத்தமே 0.8 மில்லி. நல்ல சிக்கனம்தான். ஆனால் ஊசி போட்டதும் உடம்பு ஆன்டிபாடி தயாரித்துவிடாது. 7 முதல் 14 நாள் ஆகும். ரத்தம் வந்த கடிக்கு அந்த இடைவெளிதான் ஆபத்து. அதை அடைப்பது இம்யூனோகுளோபுலின் என்ற புரதம். தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரிப்பது ஒரு வகை, குதிரையிலிருந்து எடுப்பது இன்னொன்று.

60 கிலோ ஆளை எடுத்துக்கொள்வோம். மனிதப் புரதம் கிலோவுக்கு 20 யூனிட்: 1,200 யூனிட். மில்லிக்கு 150 யூனிட் என்றால் 8 மில்லி, 300 யூனிட் குப்பியில் நான்கு. குதிரைப் புரதம் கிலோவுக்கு 40 யூனிட்: 2,400. மில்லிக்கு 300 என்பதால் அதுவும் 8 மில்லியே. விலையில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. மனிதப் புரதம் பல மடங்கு அதிகம். புனே சீரம் நிறுவனத்தின் ரேபிஷீல்டு, ஆய்வகத்தில் உண்டாக்கும் ஒற்றை ஆன்டிபாடி, கிலோவுக்கு 3.33 யூனிட், ஆக 200 யூனிட் போதும்.

எடையை வைத்து வருவது உச்ச அளவு. மருந்து போக வேண்டிய இடம் காயம்: பல் பதிந்த குழிக்குள்ளும் அதன் ஓரங்களிலும். வலிக்கும், குறிப்பாக விரலில். மிஞ்சியதைத் தொடையில் ஏற்ற வேண்டியதில்லை, அடுத்தவருக்குப் பயன்படுத்தலாம் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இது பெரிய மிச்சம்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கடிக்கான முழுச் சிகிச்சைக்குப் போடும் உலகச் சராசரி 108 டாலர். நம் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவக் காசே வேண்டாம்.

“ஊசி போட்டாச்சு” என்று எழுந்து வந்துவிடாதீர்கள். ரத்தம் வந்த கடி என்றால், காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தையும் கேளுங்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்தால் அதைப் போட மாட்டார்கள்.