பிரளயமும் பரோபகாரமும்

தர்மம் என்பது கொடுப்போனுடைய தயவா, பெறுவோனுடைய உரிமையா? இஸ்லாம் இதற்கு ஐயத்துக்கிடமின்றி விடை கூறுகின்றது. குறித்த அளவுக்கு மேற்பட்ட பொருள் ஓராண்டு ஒருவனிடம் தங்குமாயின், அதில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை ஸகாத்தாகக் கொடுத்தே தீரவேண்டும். ஏழை, கடனாளி, வழிப்போக்கன் முதலிய எட்டு வகையினர் அதற்குரியோர் எனத் திருக்குர்ஆன் விதிக்கின்றது. இக்கடமைக்கு அப்பால், மத பேதமின்றி எவர்க்கும் மனமுவந்து ஈவது ஸதகா. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஸ்தாபனமே 2019-ல் ஸகாத் நிதியொன்றைத் தொடங்கியதென்றால், இத்தர்மத்தின் வலிமை உலகறிந்ததென்க.

தாம்பரவாசிகள் இதனை ஏட்டில் தேடவேண்டுவதில்லை. 2015 டிசம்பர் 1-ந் தேதி தொடங்கி மறுநாட் காலைக்குள் இங்கே 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியினின்று வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டது, முடிச்சூர், வரதராஜபுரம் வீதிகள் வெள்ளக்காடாயின. அந்நாட்களில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பள்ளிவாசல்கள் பல, வந்தோரின் மதம் கேளாமல் இடமும் அன்னமும் அளித்தன. கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் ஜமாஅத்தே இஸ்லாமித் தொண்டர்கள், சேறு படிந்த கோவில்களையும் துப்புரவு செய்தனர். பின்னர்க் கொரோனா கொள்ளைநோய் பரவிய 2020, 2021-ம் ஆண்டுகளில், உற்றாரே அஞ்சி விலகிய பிரேதங்களைத் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தார் சுமந்து சென்று, சகல மதத்தினர்க்கும் இறுதிக்கடன் ஆற்றினர்.

இதனால் ஸர்க்காரின் பொறுப்புச் சிறிதும் குறைந்துவிடாது. அவ்வெள்ளம் மனிதரால் விளைந்த பேராபத்து என்று 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே கூறிற்று. நீர்நிலைகளைக் காக்கத் தவறிய குற்றத்தைப் பள்ளிவாசலின் கஞ்சி கழுவிவிடுமோ? தர்மவான்கள் இருக்கிறார்கள் என்பது அதிகாரிகள் உறங்குவதற்கு அநுமதிச்சீட்டன்று.

ஜனங்களாகிய நமக்கும் ஒரு கேள்வியுண்டு. பிரளய காலத்தில் பள்ளிவாசலில் ஒதுங்கிய நாம், வெள்ளம் வடிந்தபின் முஸ்லிம் குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு இல்லையென்று சொல்வது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? மேடையில் கூறும் வந்தனம் நன்றியாகாது. அண்டைவீட்டானை அண்டைவீட்டானாக நடத்துவதே நன்றி.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். அதற்கு முன்னரே பேட்டைதோறும் பள்ளிவாசல், கோவில், மாதாகோவில் நிர்வாகிகள் ஒன்றுகூடி, தங்குமிடம், அரிசி, படகு, தொண்டர் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்துகொள்வார்களாக. ஆபத்தில் தோன்றிய ஒற்றுமை அமைதிக் காலத்திலும் நிலைக்குமாயின், அதுவே மெய்யான தேசீயம்.